எலிக்குட்டிக்கு அப்பன் எதற்கு?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஒல்லிப் பெண், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்பவராம். குசுகுசுவென்றுதான் பேசினார். சத்தம் போட்டால் குட்டிகள் மிரளுமாம், அந்தப் பழக்கம்.

பள்ளிக்கூடம் போகாமலே ரைஸ்மில் முதலாளி ஆனவன் நான், விடுவேனா?

"எலிய ஒழிக்க ஒரு மருந்து சொல்லும்மா."

"நாங்க ஒழிக்கிறதில்லீங்க, வளக்குறோம்," என்று சிரித்தார். "ஒரு ஜாதி எலியில அப்பனும் குட்டிய அணைச்சிக்கினு படுக்கும். அத பிரிச்சிட்டா, குட்டிங்க சின்ன சத்தத்துக்கே ஜாஸ்தி நடுங்குதுங்க."

மகனைத் துபாய்க்கு அனுப்பி மாடி வீடு கட்டியவன் நான். குக்கர் விசிலடித்தால் கட்டிலடியில் ஒளிகிறான் பேரன்.

"அப்பன திரும்பக் கொண்டாந்து வுட்டா சரியாவுதாம்மா?"

"அதத்தான் இப்ப பாத்துக்கினு இருக்கோம்ங்க."

பேர் சொல்லாமலே இறங்கிப் போனார். மகனை ஊருக்கே வந்துவிடச் சொல்லிவிட்டேன். அந்த எலிக்குட்டிகள் என்ன ஆயினவோ, யாரைக் கேட்பது?