அவர் வாங்கிக்கொண்ட வலது கண்

என் மகள் கௌரிக்குப் பார்வை மங்குகிறது என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேஷம் போடுகிறாள் என்று அதட்டினேன். 1958ஆம் வருஷம், கார்த்திகை மாதம். அவளுக்கு எட்டு வயது. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பாள். "எழுத்தெல்லாம் கரைஞ்சு போவுதும்மா" என்பாள். வெளியே வந்தால் வெயில் குத்துகிறது என்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொள்வாள். அப்படி மூடிக்கொண்டு நடந்து வாசற்படியில் தடுக்கி விழுந்து நெற்றியில் ரத்தம் வந்த அன்றுதான் நம்பினேன்.

ஈசுவரனை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை என்று பல நாளாக மனதில் இருந்தது. அதனால் சொல்கிறேன்.

நாங்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ரயில் பாதை ஓரமாகக் குடியிருக்கிறோம். என் கணவருக்கு சர்க்கார் ஆபீசில் வேலை. கௌரி எங்களுக்கு ஒரே குழந்தை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, சோமவார விரதம் இருந்து பெற்றவள். வீட்டுக்கும் பாதைக்கும் நடுவே காலி மனை ஒன்று உண்டு. அங்கே ஊமத்தஞ்செடி மண்டிக் கிடக்கும். மற்றவர்கள் தொடாத பூ, எங்கள் அப்பனுக்கு உகந்த பூ. என் பூஜைக்கு அதைப் பறித்துவருவது கௌரியின் வேலை. தின்றால் புத்தி பேதலிக்கும் என்று ஊருக்கே தெரியும். வாயில் வைக்காதே என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன். அவளும் ஒருநாள்கூட வாயில் வைத்ததில்லை.

பக்கத்து வீட்டு ஜயம்மா அவளைப் பார்த்து, "பாப்பா கண்ணு எஷ்டு சென்னாகிதே, எவ்வளவு அழகா, பெருசா, கறுப்பா!" என்று மெச்சினாள். அப்போதுதான் நானும் உற்றுப் பார்த்தேன். கௌரிக்குக் கொஞ்சம் பழுப்புக் கண். அந்தப் பழுப்பைக் காணோம். கண்பாவை விரிந்து எல்லாம் கறுப்பாக இருந்தது. அழகுதான். ஆனால் அந்தக் கறுப்புக்குள் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. ஜயம்மாவின் கண்தான் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பாவம், அவள் நல்ல மனசுக்காரி.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழும் பேசுவார். விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். "உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிச்சம் பட்டா பாவை சுருங்கணும், இவளுக்குச் சுருங்கவே மாட்டேங்குது. கண்ணுல சொட்டு மருந்து ஏதாவது விட்டீங்களா? நாட்டு மருந்து?"

"ஒண்ணும் விடலைங்க" என்றேன். அது சத்தியம்.

"எதனாலன்னு சொல்ல முடியலை. ஒரு வாரம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

காரணம் தெரிந்த வியாதியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காரணமே தெரியாத வியாதியோடு ஒரே வீட்டில் இருப்பது என்னவென்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன். அவள் தண்ணீர்ச் சொம்பைத் தடவித் தேடினால் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். அவள் தூங்கும்போதுகூட இமையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மருந்தால் ஆகாததை ஈசுவரன் செய்யட்டும் என்று ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டேன். தினமும் கோயிலுக்கு ஒரு ஊமத்தம்பூ மாலை. அதுவும் குழந்தை கையாலேயே கட்டியது.

அவளும் ஆசையாகக் கட்டினாள். கண் வேண்டியிருக்கவில்லை. காம்பைக் கிள்ளி, விரலால் தடவித் தடவி வாழைநாரில் தொடுத்தாள். நடுநடுவே கண்ணைக் கசக்கிக்கொள்வாள். அந்தச் சின்ன விரல்களைப் பார்த்து நான் அழுதேன். ஈசுவரன் பார்க்காமலா இருப்பார் என்று தேற்றிக்கொண்டேன்.

ஆனால் பார்வை முன்னைவிட மோசமானது. முன்பெல்லாம் சில நாள் லேசாகத் தெளியும், இப்போது அதுவும் நின்றது. பெண் குழந்தை. நானும் என் கணவரும் போன பிறகு இவளை யார் கைபிடித்து அழைத்துப் போவார்கள் என்று நினைத்தால் சோறு இறங்காது.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முகம் மாறிவிட்டது. கௌரியை நர்சோடு வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார். "தலைக்குள்ள கட்டி இருந்தாலும் இப்படி ஆகும். இங்க வார்டுல வச்சு நாலஞ்சு நாள் பார்க்கறேன். குறையலைன்னா மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன். அங்க தலையைத் திறந்து பார்ப்பாங்க."

என் கணவர் ஆபீசில் அதிகம் பேசாத மனிதர், வீட்டில் அதைவிடக் குறைவு. "அவ குழந்தைங்க" என்று மட்டும் சொன்னார்.

கௌரியை வார்டில் சேர்த்தோம். வேண்டுதலை நிறுத்த எனக்குத் துணிவில்லை. நிறுத்தினால் இன்னும் என்ன ஆகுமோ என்று பயம். காலையில் என் கணவர் குழந்தையோடு இருப்பார். நான் வீட்டுக்கு ஓடிப் பூப்பறித்து, மாலை கட்டிக் கோயிலில் கொடுத்துவிட்டு வருவேன். முதல் இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. அந்தச் சோமவாரம் சந்நிதியில் உட்கார்ந்தே கட்டினேன். கட்டி முடித்துக் குருக்களிடம் நீட்டும்போது, மெட்ராஸில் குழந்தையின் தலைமுடியை மழித்துவிடுவார்கள் என்ற நினைப்பு வந்தது. அதோடு என்னை அடக்க முடியவில்லை.

வலது கையால் வலது கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன்: "இதை எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு அவளுக்குக் குடு. ரெண்டும் வேணும்னா ரெண்டையும் எடுத்துக்கோ, ஆனா முதல்ல இதை." இரண்டையும் கொடுத்துவிட்டால் அவளுக்குச் சமைத்துப் போடுவது யார் என்ற யோசனை அந்த அழுகையிலும் வந்தது. அம்மாக்களின் பக்தி அப்படித்தான். கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன். எரிந்தது. அழுததால் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதே வெயில் என் வலது கண்ணில் ஊசியாக இறங்கியது. வார்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த கௌரி என்னைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். "அம்மா, உன் புடவைக் கரையில மாங்கா இருக்கு, தெரியுது" என்றாள்.

நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு அவள் முகம் கலங்கிப் போயிருந்தது. இடது கண்ணை மூடினால் மூக்கும் வாயும் ஒன்றாகிவிட்டன.

கேட்டதை ஈசுவரன் கொடுத்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை. அடுத்த கண்ணையும் இன்றைக்கே எடுத்துக்கொள்வாரா, நாளைக்கா? அதற்குள் அவள் முகத்தை நெஞ்சில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று இடது கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா வந்தார். கௌரியின் கண்ணில் விளக்கை அடித்தார். "அட, கொஞ்சம் சுருங்குதே" என்றார். நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என் கண்ணிலும் விளக்கை அடித்தார்.

"இது என்னம்மா? உங்க வலது பாவை மட்டும் இவளுக்கு இருந்த மாதிரியே விரிஞ்சிருக்கு. எப்ப இருந்து?"

"நான்தாங்க வேண்டிக்கிட்டேன். அவளுக்குப் பதிலா என் கண்ணை எடுத்துக்கச் சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நான் மறக்க மாட்டேன். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தேவரு, உங்க சாமி, கேட்டிருக்கலாம்மா. நான் அதுக்கு எதிரா பேசலை. ஆனா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல இவ செஞ்சுக்கிட்டு இருந்து, இங்க வந்ததுக்கப்புறம் நீங்க செய்யற வேலை ஏதாவது இருக்கா?"

"பூப் பறிக்கிறது, மாலை கட்டறது. வேற ஒண்ணும் இல்லைங்க."

"என்ன பூ?"

"ஊமத்தம்பூ."

டாக்டரம்மா என் கையைப் பிடித்து விரல் நுனியைப் பார்த்தார். காம்புச் சாறு காய்ந்து கறை பிடித்திருந்தது. "உள்ள பார்க்கறதுக்காக நாங்க கண்ணுல ஒரு சொட்டு மருந்து விடுவோம், பாவை விரியறதுக்கு. அதுல இருக்கற விஷம்தான் இந்தச் செடியிலயும் இருக்கு. தினமும் இந்தச் சாறு பட்ட கையால குழந்தை கண்ணைக் கசக்கியிருக்கா. தலையில கட்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. கையை நல்லா கழுவுங்க. ரெண்டு பேருக்கும் தானா சரியாயிடும்."

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் நன்றி சொல்லக்கூட மறந்து குழாயடிக்குப் போய்க் கை சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினேன்.

அந்த வாரத்துக்குள் கௌரியின் பழுப்புக் கண் திரும்பி வந்தது. என் கண்ணும் தெளிந்தது. மெட்ராஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் எனக்கு ஈசுவரன் மேலேயே கோபம் வந்தது. உனக்குப் பிடித்த பூவா என் குழந்தை கண்ணை மறைக்க வேண்டும் என்று சந்நிதியில் நின்று சண்டை போட்டேன். சண்டை போட்டு முடித்ததும்தான் நிதானம் வந்தது. விஷத்தைத் தொண்டையில் வைத்திருப்பவர் அவர். அவருக்குத் தாங்கும். எட்டு வயது விரலுக்குத் தாங்காது என்று நமக்குத்தான் தெரிய வேண்டும். மண்டலத்தின் மிச்ச நாட்களுக்கு நானே மாலை கட்டினேன். கட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கௌரிக்கு வில்வம் பறிக்கும் வேலை.

என் கணவர் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. "பூச்சாறு பட்டுச்சு, கண்ணு மங்கிச்சு. இதுல சாமி எங்க வந்தாரு?" என்பார். "நான் வேண்டாம இருந்திருந்தா கண்ணைப் பொத்தியிருப்பேனா? பொத்தாம இருந்திருந்தா டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். ஆபீஸ் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் அதிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் என்னோடு கோயிலுக்கு வருகிறார்.

பயம் என்னை முழுதாக விடவில்லை. இன்றைக்கும் கௌரி விளக்கை ஏற்றும்போது அவள் கண்பாவை சுருங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறேன். சுருங்குகிறது. ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். வீட்டில் காரணம் தெரியாத கஷ்டத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஈசுவரனிடம் கேளுங்கள். மிச்சம் வைக்காமல் கேளுங்கள். அவர் உங்கள் கண்ணைப் பறிக்க மாட்டார். பார்க்க வேண்டியதைக் காட்டும்வரை கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

எனக்கு வேகமாக எழுத வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது கௌரி. இப்போது காலேஜில் படிக்கிறாள். காகிதம் போதாது என்று பொடிப்பொடியாக எழுதுகிறாள். வயசாகி வெள்ளெழுத்து வந்துவிட்டது, என்னால் அந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை. அவளால் முடிகிறது.