தவராசாவின் பிரதட்டை

முள்ளியவளைத் தவராசாவுக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். போர் முடிந்த கையோடு, காணாமல் போயிருந்த மகள் கிருசாந்தி முகாமொன்றில் உயிரோடு கிடைத்தாள். ஆண்டுதோறும் தேரன்று ஈரவேட்டியோடு கோவில் வீதியைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்வதாக அன்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். காய்ச்சலோடும் உருண்டார், கால் முறிந்து ஆறிய ஆண்டும் உருண்டார். மனுசன் விட்டால்தானே!

இந்த ஆண்டு, மத்தியானம் படுத்திருந்தவரின் வயிறு தொப்புளுக்கு மேலே துடிப்பதை மனைவி சிவனேஸ்வரி கண்டார். வாயு என்று சொல்லி உள்ளிப்பூண்டு அவித்துக் குடித்தார் தவராசா. சிவனேஸ்வரி விடவில்லை; முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கான் பார்த்த டொக்டர், வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக்குழாய் நைந்த சைக்கிள் ரியூப் போல ஓரிடத்தில் வீங்கியிருக்கிறது என்றார். நோவு இல்லாவிட்டாலும், வெடித்தால் ஆள் தப்புவது அரிது. கொழும்பில் தொடை வழியாக உள்ளே ஒரு குழாய் வைத்துச் சரிப்படுத்தலாம். அதுவரை பிறசர் குளிசை போடவேண்டும், சுருட்டு கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

தவராசா சுருட்டை விட்டார். நெல்மூட்டையைத் தொடவில்லை. ஆனால் ஒப்பரேசனுக்கு முன்னதாகத் தேர் வந்துவிட்டது. பாரம் தூக்காதே என்றுதானே டொக்டர் சொன்னவர், உருளாதே என்று சொல்லவில்லையே என்று வேட்டியோடு வெளிக்கிட்டார். அந்த டொக்டர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

கோவில் கிணற்றடியில் சிவனேஸ்வரி மறித்தார். தனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, நேர்த்தியை விட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்றார் தவராசா. இத்தனை காலமும் ஊரார் பிடிவாதம் என்று நினைத்தது பயம்தான். பாவம் மனுசன்.

சிவனேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். ஆண்கள் உருள, பெண்கள் அடிக்கு அடி நிலத்தில் விழுந்து கும்பிட்டுப் போவார்கள். அதை அடியழித்தல் என்பார்கள். முழங்கால் வாதம் வந்தபின் அவர் அதைச் செய்ததில்லை.

“இந்த முறை நான் அடியழிக்கிறன். நீங்கள் பின்னால நடந்து வாங்கோ.”

“நேர்த்தி வைச்சது நானெல்லே,” என்றார் தவராசா.

“பிள்ளையைப் பெத்தது நானெல்லே. அம்மாள் என்ர கும்பிடை ஏற்க மாட்டாவோ?”

தவராசா விலகி வழிவிட்டார். சுடுமணலில் சிவனேஸ்வரி விழுந்தார், எழும்பினார், மறுபடியும் விழுந்தார். தவராசா நின்று நின்று பின்னால் போனார். மகளுக்காக மட்டுமே கும்பிட்டுப் பழகியவர், அன்றுதான் தனக்காக வாய்விட்டுக் கேட்டார்.

“அம்மாளாச்சி, இவளோட நான் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கவேணும்.”

மறுமாதம் கொழும்பில் குழாய் வைத்தார்கள்; நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் தவராசா முதலில் கேட்டது, சிவனேஸ்வரியின் முழங்கால் நோவு எப்படி என்றுதான்.