இர்மெலாவின் வயிறு

எங்கள் கார் கம்பெனியில் குமட்டலுக்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் இர்மெலா ஹேஃபெலே. நான் ஓட்டுவேன், அவள் கூட உட்கார்ந்து வருவாள். அவள் முகம் வெளுத்தால் அந்தக் கார் இன்னும் விற்பனைக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் எங்கள் சோதனைப் பிரிவு. அதிர்வை அளக்க அங்கே கருவி உண்டு, சத்தத்தை அளக்கக் கருவி உண்டு. குமட்டலை அளக்க மட்டும் ஒரு வயிறு வேண்டியிருந்தது.

பள்ளிச் சுற்றுலாவில் அவள் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காராதாம். கல்யாணமான புதிதில் புருஷன் காரில் ஏரிக்குப் போக, இவள் தனியாக ரயிலில் போய்ச் சேர்ந்தாளாம். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அதற்குக் கார் காரணமில்லை என்று அவளே சொல்வாள். பிறகு எங்கள் உதிரிபாகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் க்னாப், மழைக்கு ஒதுங்கி நின்றவளைப் புதுச் சோதனைக் காரில் ஏற்றிக்கொண்டார். வாசல் வருவதற்குள் சீட் நாசம். மனிதர் திட்டவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு அவளை எங்கள் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்.

அப்போது எங்களிடம் இரண்டு புது ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒன்று பிளக்-இன் ஹைப்ரிட்: பெட்ரோல் இன்ஜினும் உண்டு, வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சின்னதாக ஒரு பேட்டரியும் உண்டு. மற்றது முழுக்க முழுக்க மின்சாரக் கார். நான் ஹைப்ரிட் கட்சி. மறைப்பானேன், இன்ஜின் இல்லாத வண்டி எனக்கு வண்டியே இல்லை. பத்து மணி இடைவேளையில் வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டியைக் கடித்துக்கொண்டே இதைப் பற்றித்தான் இர்மெலாவுக்கும் உட்ஸ் என்கிற எனக்கும் சண்டை.

"ஹைப்ரிட்ல உனக்கு என்னம்மா குறை? ஊருக்குள்ள பூனை மாதிரி போகுது. மேட்டுல இன்ஜினும் கூடச் சேர்ந்துக்குது. ரெண்டு குதிரை பூட்டின வண்டி."

"ரெண்டும் ஒண்ணா கிளம்பினா சரிதான் உட்ஸ். ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி இழுக்கும்போது நடுவுல மாட்டுறது என் குடல்தானே."

"அப்போ கரண்ட் காரையே கட்டிக்கோ."

"அது இன்னும் மோசம். இன்ஜினாவது உறுமிட்டுப் பாயும், உடம்பு சுதாரிச்சுக்கும். இது சொல்லாம கொள்ளாம பாயுது. நீ பெடல்லேர்ந்து காலை எடுத்தாலே தானா பிரேக் பிடிச்சு என் தலை முன்னாடி தொங்குது. நீ ஓட்டுறது வேற அதுக்குத் தோதா இருக்கு."

குளிர்காலம் முழுக்க இன்ஜினியர்கள் இரண்டு வண்டியிலும் மாற்றி மாற்றிச் சரிசெய்தார்கள். வசந்தத்தில் மறுபடி மலைப்பாதையில் ஏறினோம். ஹைப்ரிட்டில் இர்மெலாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. மின்சாரக் காரிலும் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் எதையும் பாராட்டிவிட மாட்டார்கள், குறை சொல்லாமல் விட்டாலே பெரிய பாராட்டு. டாக்டர் மகிழ்ந்திருக்க வேண்டும். அவர் நெற்றியைச் சொறிந்தார்.

"வண்டி சரியாயிடுச்சா, இல்ல உங்க வயிறு பழகிடுச்சா?" என்றார். "பழகிடுச்சுன்னா உங்க பேச்சை நம்பி நான் வண்டியை வெளியே விட முடியாது. பின்சீட்ல உக்கார்ற குழந்தைங்க பாடுபடும். வேற ஆள்தான் பாக்கணும். நீங்க பழையபடி கிடங்குக்குப் போக வேண்டி வரும்."

அன்று சாப்பாட்டுக்கூடத்தில் அவள் தட்டைத் தொடவே இல்லை.

"வியாதி போகணும்னுதான் எல்லாரும் கும்பிடுவாங்க. போயிடுச்சோன்னு நான் பயந்து சாகறேன்," என்றாள். "கிடங்குல அத்தனை வருஷம் இருந்தேன். எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இங்க ஒவ்வொரு வளைவுலயும் கேக்கறீங்க."

வண்டி ஓட்டுகிறவனுக்குப் பேச்சு வராது. என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு சாலட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

வயிறு பழகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். அவள் அண்ணன் எபர்ஹார்ட் சந்தைகளில் சீஸ் விற்பவர். அவருடைய வேனுக்கு வயதாகிவிட்டது, அவர் ஓட்டும் விதத்துக்கு இன்னும் வயதே வரவில்லை. சனிக்கிழமை மதியம் வயிறு முட்டப் பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் தின்றுவிட்டு, சீஸ் பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாட்சிக்கு நான்.

"சின்ன வயசுல இவளை வண்டில ஏத்தவே எங்கப்பா பயப்படுவாரு. இப்போ தானா வந்து ஏறி உக்கார்றா," என்று சிரித்தபடி எபர்ஹார்ட் மலைப்பாதையில் வேனை விரட்டினார்.

வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. எனக்கே வயிற்றைப் புரட்டியது. அவளோ கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தாள். மேலே ஏற ஏற அவள் முகம் விழுந்துகொண்டே வந்தது. பாதி மலை தாண்டியதும், "அண்ணா, நிறுத்து," என்றாள்.

சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சாப்பிட்டது மொத்தமும் வெளியே வந்தது. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "போகல உட்ஸ். அப்படியே இருக்கு," என்றாள். வாந்தி எடுத்தவளுக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கைக்குட்டையையும் கொடுத்தேன், திருப்பிக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டரே கூட வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார். இர்மெலா பின்னால் ஏறினாள். ஸ்போர்ட்ஸ் காரில் பின்சீட் என்பது பேருக்குத்தான், ஆள் மடங்கித்தான் உட்கார வேண்டும். இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான் என்று அவளே கேட்டு வாங்கினாள். முதலில் என் ஹைப்ரிட். கீழ் ஊர்களைத் தாண்டும்போதே சின்ன பேட்டரி தீர்ந்துபோனது. ஏற்றத்தில் இன்ஜின் விழித்துக்கொண்ட அந்த ஒரு நொடியில் பின்னாலிருந்து லேசாக ஒரு "ம்ஹும்" கேட்டது. மற்றபடி பரவாயில்லை என்றாள். முன்பு அந்த இடத்தில் ஜன்னலைத் திறப்பாள். டாக்டர் தலையாட்டினார்.

அடுத்து மின்சாரக் கார். நான் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. எங்கே வேகமெடுக்க வேண்டுமோ எடுத்தேன், வளைவுகளில் சட்சட்டென்று காலை எடுத்தேன். பின்னால் சத்தமே இல்லை. மலை ஏறி இறங்கியும் ஒரு முனகல்கூட இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"மயக்கமா?" டாக்டர் பதறிப்போய்த் திரும்பினார்.

அதற்குள் மெல்லிய குறட்டை ஒன்று வந்தது.

"கார்ல தூங்கினதே இல்லை அவ," என்றேன். என் கட்சி தோற்றதில் துளியும் வருத்தம் வரவில்லை.

கம்பெனி வாசல் தெரிந்தது. "இடது பக்கம்," என்றார் டாக்டர்.

"நிறுத்தினா முழிச்சுக்குவா டாக்டர்," என்று கிசுகிசுத்தேன். "பேட்டரி பாதிக்கு மேல இருக்கு."

ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கணக்குக் கேட்கிற மனிதர் அவர். வாசலைப் பார்த்தார், பின்னால் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நேரா போங்க," என்றார்.