மூடித்தீவுக்கு நடந்த பாகப்பிரிவினை

அந்த வீட்டுப் பெரிய மருமகள் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டால்கூட, அப்படியே குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். மாமியார் இதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெருமைப்பட இதில் என்ன இருக்கிறதோ, போகட்டும்.

வேலை நில அளவை அலுவலகத்தில். வரைபடம் போடுவாள். சொத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரும் அண்ணன் தம்பிகள், அவள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்ததும் அடங்கிவிடுவார்கள். நிலத்தை அளந்து, மசியில் கோடு போட்டு, மூலையில் வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி வைத்து, கீழே இருவரும் கையெழுத்துப் போட இடம் விட்டு நீட்டுவாள். அவள் கோட்டில் ஒரு மயிரிழை பிசகாது. யாருக்கும் அதிகம் போகாது, யாருக்கும் குறையாது.

சின்னவள் கொழுந்தனின் மனைவி. இவளுக்கு நேர் எதிர். குடிநீர் வாரியத்தில் குறை கேட்கும் தொலைபேசிப் பிரிவில் இருந்தாள். பகல் முழுக்க ஊராரின் திட்டைக் காதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாமல் பேசுவாள் என்றால் எப்பேர்ப்பட்ட தெம்பு பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது மாமியார்தான். வைத்துவிட்டு, ரேடியோ ஓடாவிட்டால் தூக்கம் வராமல் புரண்டவரும் அவர்தான்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஓர் உலகத்தையே உண்டாக்கினார்கள். அது தொடங்கியது இஸ்திரி மேஜையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருக்க, பெரியவள் அலுவலகத்தில் வீணாய்ப்போன டிரேஸிங் தாள் ஒன்றில் கை போனபடி ஒரு தீவை வரைந்துகொண்டிருந்தாள்.

"இது யாரு நிலம்க்கா?"

"யாருதும் இல்ல. சும்மா."

"அதெப்படி சும்மா? மனுஷங்க இருப்பாங்க இல்ல? அவங்க எதுக்குப் புலம்புவாங்க?"

 அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இந்த வீட்டுல ஒரு டப்பாவுக்காவது மூடி இருக்கா? எல்லாம் எங்கதான் போய்த் தொலையுதோ!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், மூடித்தீவு பிறந்துவிட்டது. உலகத்தில் காணாமல் போகும் மூடிகள் எல்லாம் கரை ஒதுங்கும் தீவு. அதை ஆளும் தேவி மூடியம்மை. எல்லா மூடியும் அவளிடம் உண்டு, ஒன்றுக்குக்கூட டப்பா கிடையாது. அதனால் எப்போதும் மூக்கின் மேல் கோபம்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. பெரியவள் நிலத்தை வரைவாள். சின்னவள், "இங்க இருக்கறவங்க எதுக்குப் புலம்புவாங்க?" என்று கேட்டுக்கொண்டு, தன் காதில் அன்றைக்கு விழுந்த குறைகளில் ஒன்றை எடுத்து அங்கே குடிவைப்பாள். யாராலும் தீர்த்துவைக்க முடியாத குறையிலிருந்துதான் சாமி பிறக்கும் என்பது அவள் கட்சி. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று ஓர் அம்மாள் கத்தியதிலிருந்து, ஆறில்லாத நாட்டில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கும் காற்றுச்சாமி வந்தார். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்ற புகாரிலிருந்து, மலையேற மறுத்து அடிவாரத்தில் குந்திவிட்ட மழைத்தேவன் வந்தார். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி மேலே அனுப்புவதற்கென்றே அந்த நாட்டில் ஒரு மந்திரிசபை இருந்தது. மீட்டர் பின்னால் ஓடுகிறது என்று ஒருவர் சொன்னதற்காகக் கடலிலிருந்து மலைக்கு ஓடும் ஓர் ஆற்றைப் பெரியவள் வரைந்தாள். அந்த ஆற்றுத் தேவதை, வயதான படகோட்டிகளைச் சிறுவர்களாக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள்.

ஒரு நாள் மாமியார் வரைபடத்தைப் பார்த்துவிட்டார். மூடியம்மை யார் என்பதும் தெரிந்துபோனது. மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப்போகிறது என்று பெரியவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனூண்டு தீவா? எனக்குக் கோயில் கீயில் ஒண்ணும் இல்லையா?"

"கட்டிரலாம் அத்தை," என்றாள் சின்னவள். "கோபுரத்துக்கு மூடி தேடிக்கிட்டிருக்காங்க."

இப்படி இருந்த வீட்டில்தான் ஒரு செய்தி வந்தது. கொழுந்தன் வேலை பார்த்த பட்டறையை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். அங்கேயே வீடு பார்த்துவிட்டான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனாலும் பிரிவது பிரிவதுதானே. மாமியார் பாத்திரங்களைக் கூடத்தில் பரப்பி, இது உனக்கு, அது அவளுக்கு என்று பிரிக்க ஆரம்பித்தார்.

பெரியவளுக்குப் போகாதே என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. எப்படிச் சொல்வது? அவர்கள் பிழைப்பு அங்கே. சொன்னால் வருத்தப்படுவாள், சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடும். சின்னவள் போய்விட்டால் இந்த உலகத்துக்கு இனி ஒரு சாமியும் பிறக்காது, தனக்கும் மனசு விட்டுப் பேச ஓர் ஆள் இருக்காது. இதையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அன்பைக் காட்டினாள் அந்த மகராசி.

உட்கார்ந்து உலகத்தைப் பிரித்தாள். பழைய தாளை ஒதுக்கி, இரண்டு புதிய தாள்களில் மசியால் வரைந்தாள். இரண்டும் சேரும் ஓரத்தில் ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தாள், அந்தப் பக்கம் ஒரு தாள். நல்ல நிலங்களையெல்லாம் சின்னவள் பங்குக்கே ஒதுக்கினாள். காற்றுச்சாமி அவளுக்கு, பின்னால் ஓடும் ஆறு அவளுக்கு, மூடித்தீவும் அவளுக்கு. மூலையில் அம்புக்குறி வைத்தாள். கை பழக்கதோஷம், கீழே இருவரும் கையெழுத்துப் போட இடமும் விட்டாள். தன் கையெழுத்தைப் போட்டு, மடித்து, கிளம்பும் நாளன்று பாத்திரக் குவியலுக்கு நடுவில் நின்ற சின்னவளிடம் நீட்டினாள்.

சின்னவள் பிரித்துப் பார்த்தாள். முகத்தில் ஈ ஆடவில்லை.

"என்னக்கா இது?"

"உன் பங்கு. சரிபாத்துக்க. உனக்குத்தான் கொஞ்சம் கூட."

ரேடியோ நின்றுபோனது. குனிந்து, சாமான் ஏற்ற வந்திருந்த வண்டிக்காரரிடம் பேனா வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தாளைப் பையில் வைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். மாமியார்தான் வாசல்வரை வந்து புலம்பினார். "ஏண்டி பெரியவளே, என்னையும் அவ பங்குல தள்ளிவிட்டுட்டியா? இங்க இருக்கிற டப்பாவையெல்லாம் யாரு பாத்துக்கறது?"

அதன்பிறகு சின்னவள் அடிக்கடி போன் செய்தாள், மாமியாருக்கு. மணிக்கணக்கில் பேசிவிட்டுக் கடைசியில், "அக்காவ விசாரிச்சேன்னு சொல்லுங்க," என்பாள். இவளும் பக்கத்தில் நின்றுகொண்டே, "நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்க," என்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட மாமியாருக்கு அலுத்துப்போனது. "நான் என்ன தபால்காரியா? நீங்களே பேசித் தொலைங்க!" என்று போனை நீட்டினால், இவளுக்கு அப்போதுதான் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தானே புதிய நிலம் ஒன்றை வரைந்து பார்த்தாள். அழகான பள்ளத்தாக்கு. ஆனால் யாரை அங்கே வைப்பது? கணவனிடம் போய், "ஏதாவது ஒரு குறை சொல்லுங்களேன்," என்றாள்.

"எனக்கென்ன குறை? ராஜா மாதிரி இருக்கேன்."

மாமியாரிடம் கேட்டது தப்பாகப் போயிற்று. கால்வலியில் தொடங்கிக் கதவுக் கீச்சொலிவரை ஒரே மூச்சில் கொட்டினார். அதில் ஒன்றை எடுத்துப் பெரியவள் ஒரு சாமி செய்தாள். அது பள்ளத்தாக்கின் நடுவே அலுவலக உதவியாளர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. விதிமுறை எல்லாம் சரியாக இருந்தது, உயிர்தான் இல்லை. அழித்துவிட்டாள்.

அப்போதுதான் மாமியார் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ஊர்க் குறையெல்லாம் கேக்கறியே, உனக்குன்னு ஒரு குறை கெடையாதா? இந்த வீட்டுக்கு வந்து ஒரு தடவையாவது வாயத் தொறந்து எதையாவது கேட்டிருக்கியா, அழுத்தக்காரி!"

அந்தச் சொல் பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் மதிய இடைவேளையில், அலுவலகத்து வராந்தாவுக்குப் போய் குடிநீர் வாரியத்தின் குறைதீர்க்கும் எண்ணுக்கு அடித்தாள். யாரோ ஓர் ஆண் குரல் எடுத்தது. பயந்து வைத்துவிட்டாள். மறுபடி அடித்தாள், இன்னொரு குரல். அதையும் வைத்தாள். வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள், திருடிபோல. மூன்றாவது தடவை சரியாகச் சின்னவளிடமே விழுந்தது.

"வணக்கம், குடிநீர் குறைதீர்ப்புப் பிரிவு. சொல்லுங்க."

"ஒரு குறை சொல்லணும்," என்றாள் பெரியவள்.

யாரென்று தெரிந்த மாத்திரத்தில் அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு அதே அலுவலகக் குரல், கொஞ்சம் நடுங்கி, "முகவரி சொல்லுங்க," என்றது.

"உனக்குத் தெரிஞ்ச முகவரிதான்."

"மேடம், இங்க பேசறது எல்லாம் பதிவாகும்."

"பதிவாகட்டும்."

"சரி. என்ன குறை?"

"வீட்டுல சத்தமே இல்ல," என்றாள் பெரியவள். ஒன்று வெளியே வந்ததும் மற்றவை தள்ளுமுள்ளாக வந்தன. "நீ போனது எனக்குப் பிடிக்கல. போகாதன்னு சொல்ல நெனச்சேன், வாய் வரல. நல்லதையெல்லாம் உன் பக்கமே பிரிச்சுக் குடுத்தா உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சுட்டேன். எனக்குப் பங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீதான் வேணும்."

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தட்டச்சர் நின்று பார்த்தார். பார்க்கட்டுமே!

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். மேற்பார்வையாளர் அருகில் இருந்திருக்க வேண்டும். சின்னவள் படிவத்தில் உள்ள கேள்விகளையே பிடித்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து இந்தக் குறை?"

"நீ போன அன்னிலேருந்து."

"அழுத்தம் கம்மியா, இல்ல வரத்தே இல்லையா?"

"வரத்தே இல்ல."

"பக்கத்து வீடுகள்லயும் இப்படித்தானா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க அத்தை பேச வர்றாங்கன்னாலே கதவச் சாத்திக்கறாங்க."

அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்து, உடனே அடங்கியது. குரல் தணிந்தது. "எனக்கும் ஒரு குறை இருக்குக்கா. எவனோ சொத்துக்காரன்கிட்ட வாங்கற மாதிரி எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களே. ராத்திரி பூரா அழுதேன், தெரியுமா?"

பெரியவள் போனை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான்மா," என்றாள்.

"பதிவு பண்ணிட்டேன், மேடம்," என்றது மறுபடி அலுவலகக் குரல். "ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறோம்."

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தாள். வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் சேர்த்துவைத்ததை எல்லாம் இறக்கிவைத்த பிறகுதான் உள்ளே விட்டார். இஸ்திரி மேஜையில் சின்னவள் தன் தாளை விரித்தாள். பக்கத்தில் பெரியவள் தன்னுடையதை வைத்து, பின்பக்கம் டேப் ஒட்டினாள். உலகம் ஒட்டிக்கொண்டது. ஆனால் நடுவே எல்லைக்கோடு அப்படியே இருந்தது. பெரியவள் ரப்பரால் தேய்த்தாள், பிளேடால் சுரண்டினாள். மசி போகுமா? அவள் போட்ட கோடாயிற்றே.

"விடுங்கக்கா. தாள் கிழிஞ்சிரும்," என்றாள் சின்னவள். "இது ஆறா இருக்கட்டும்."

பெரியவள் பிளேடைக் கீழே வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துக் கரைகள் போட்டாள். நேர்க்கோடு நெளிந்து நெளிந்து ஆறாகிவிட்டது. மாமியார் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் தீவுக்குப் போகப் படகு விடுவார்களா என்று விசாரித்தார். விடுவோம் என்று வாக்குக் கொடுத்த பின்தான் நகர்ந்தார்.

சின்னவள் ஆற்றங்கரையில் விரலை வைத்தாள். "இங்க இருக்கறவங்க எதுக்குப் புலம்புவாங்க?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலத் தானே பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"இரு," என்றாள் பெரியவள். "நான் சொல்றேன்."

டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"மொதல்ல, இந்த டீயில சர்க்கரையே இல்ல," என்று ஆரம்பித்தாள். சின்னவள் கன்னத்தில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போய் ஆடை படிந்த பிறகும் பெரியவள் நிறுத்தவில்லை.