பத்து மணிக் கூடை

ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசல் கம்பியில், தோல் வாரில் கட்டிய இரண்டு கூடைகளை அப்பா தொங்கவிட்டிருந்தார். கோடையில் கூடை வழியப் பத்து மணிப் பூ. காலை பத்துக்கு விரியும், சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நர்ஸாக இருந்த அம்மாவுக்கு ஞாயிறு. அந்தப் பூக்களை இருவரும் சேர்ந்து பார்த்ததேயில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா சொல்லிவிடுவார்: "இன்னைக்கு நாப்பது பூ!"

"ஜாஸ்தி சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை நான் பாத்தப்போ முப்பதுகூட இல்ல."

அப்பா என்னைப் பார்ப்பார். நான் கூசாமல், "நாப்பத்தி ரெண்டும்மா" என்பேன்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு எல்லா நாளும் விடுமுறைதான். இன்று என் கூடையில் ஐம்பத்தொன்று. சத்தமாகவே சொன்னேன். ஜாஸ்தி என்று சண்டை போட ஆளில்லை.