ராஜா குவளையில் கேட்ட சத்தம்

நான் யாரைப் பாராட்டினேனோ அந்தப் பிள்ளை படுக்கையில் விழுந்தது. ஒன்றல்ல, மூன்று பிள்ளைகள். இதைச் சொன்னால் என் பெயர்தான் கெடும். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மூடி வைக்க எனக்கு உரிமை இல்லை. சபையார் பொறுமையோடு கேட்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் ஊர் திருநெல்வேலிச் சீமை. அப்பா பனையேறி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவன் நான்தான். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, மலாயாவில் நம் ஜனங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்று ஆலயத்தில் சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன். அம்மா அழுதாள். அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "போறதுன்னா பேரு கெடாமப் போ." மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தின வருடம், மழை கொட்டிக்கொண்டிருந்த நாளில் மலாக்கா வந்து சேர்ந்தேன்.

டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகைதான் பள்ளிக்கூடம். அதன் பின்புறம் ஒரு சின்ன அறை, அதுதான் என் வீடு. அக்கம்பக்கத்தில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிமார் குடியிருந்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். என்னிடம் படிக்க வந்தவை தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். சாயங்கால வகுப்பு. காலையும் மத்தியானமும் அந்தக் கொட்டகையில் நான் ஒருவன்தான்.

பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கைத்தொழிலும் சொல்லித்தந்திருந்தார்கள். தகரம் வெட்டவும், ஈயம் பற்றவைக்கவும், சாக்குத் தைக்கவும் தெரியும். ஆகவே பிள்ளைகளிடம், "வீட்டில் எதையும் தூக்கி வீசாதீர்கள், இங்கே கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். மாவுச் சாக்கு புத்தகப் பையாயிற்று. சைக்கிள் டயர் செருப்பாயிற்று. பழைய கைலி தலையணை உறையாயிற்று. டின்னுக்குக் கைப்பிடி வைத்துக் குவளை செய்தோம். இந்த ஊரில் கடையில் கோப்பி வாங்கினாலே காலிப் பால் டின்னில் கயிறு கட்டித்தான் தருகிறார்கள். அதனால் யாருக்கும் அது புதுமையாகத் தோன்றவில்லை. ஆளுக்கொரு குவளை. தினமும் வகுப்பு நடுவில் எலுமிச்சையும் சீனியும் கலந்த தண்ணீர்.

பார்வதி என்று ஒரு பிள்ளை. ஒன்பது வயது. அவள் அப்பா வீராசாமி அண்ணன் தினமும் ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போவார். அந்தப் பிள்ளை ஒருநாள் நல்ல கனமான, உயரமான ஒரு டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். கண்ணாடிபோல் மின்னியது. "இது யாருக்கும் கிடையாது, இதுதான் ராஜா" என்றேன். அதற்கு மட்டும் இரட்டை வளைவில் கைப்பிடி வைத்தேன். விளிம்பை மடித்துத் தட்டினேன். அந்தக் கைப்பிடியைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பிள்ளை, யார் நன்றாகப் படிக்கிறதோ அது, ராஜா குவளையில் குடிக்கலாம் என்று வைத்தேன்.

முதல் வாரம் முனியன். வாய்ப்பாட்டைக் குதிரைபோல் ஓட்டினான். வெள்ளிக்கிழமை வாந்தி எடுத்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். புழு என்றார்கள். ஒரு வாரத்தில் தேறினான். அதற்குள் ராக்கம்மா ராஜாவாகி, அவளும் படுத்தாள். பார்க்கப் போனேன். பாயில் கிடந்த அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து பூண்டு வாசனை வந்தது. "பூண்டு கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "வீட்டுல பூண்டே இல்லையே சார்" என்றாள் அவள் தாய். முனியன் வாயிலும் அதே வாசனை அடித்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. 

அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. நான் வாளியோடு போனால் பேச்சு நிற்கும். ஒருநாள் ஒரு அம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சார், எம்புள்ளைய அடிங்க, திட்டுங்க, முட்டி போட வைங்க. நல்லாப் படிக்கிறான்னு மட்டும் சொல்லிராதீங்க லா. கும்பிட்டுக் கேக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு சிரிப்பு வரவில்லை. கொள்ளிக்கண்ணு என்று அவர்கள் சொல்வது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. படித்தவன் நான், இதையெல்லாம் நம்பக் கூடாது என்று எனக்கே பாடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த நாள் ஒரு பையன் அழகாக எழுதிக் காட்டியபோது, "நல்லா இருக்கு" என்று சொல்லாமல் அடுத்த பிள்ளையின் நோட்டை எடுத்தேன்.

அந்த நாட்களில்தான் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. மத்தியானம். வெயில் கொதிக்கும். ஒரு இலை அசையாது. ஊரே செத்ததுபோல் கிடக்கும். கொட்டகைக்குள் குவளைகளை வரிசையாக வைக்கிற பலகையிலிருந்து, டிக், டிக், டிக். மூன்று தரம். பிறகு நிசப்தம். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் மூன்று தரம். யாரோ நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. கூப்பிடுகிற மாதிரி. நான் காதைப் பொத்திக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தச் சத்தத்தை நிறுத்தும்" என்று கேட்டேன். நிற்கவில்லை. என்னோடு கடல் தாண்டி ஏதோ கெட்டது வந்திருக்கிறது என்று உண்மையாகவே நம்பிவிட்டேன்.

பார்வதி ராஜாவானாள். அந்த வாரம் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மனம் கொஞ்சம் லேசாயிற்று. அவளைவிட நன்றாகப் படிக்க அந்த வாரம் யாரும் இல்லை, அதனால் அடுத்த வாரமும் அவளே. மூன்றாம் வாரமும் அவளே. கைகால் மரத்துப் போகிறது என்றாள். எழுதும்போது பென்சில் நழுவி விழுந்தது. புதன்கிழமை, எல்லாரும் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்றாள். "சார், தரை கீழே போகுது" என்றாள். அப்படியே சாய்ந்தாள். அவளைத் தூக்கியபோது என் முகத்தில் பூண்டு வாசனை அடித்தது.

பிள்ளைகள் குவளைகளைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்வதியின் தாய் அஞ்சலை அக்கா என்னைப் பார்த்ததும் பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்தாள். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. "பார்க்காதீங்க சார்" என்றாள், அவ்வளவுதான். டாக்டர் கையை விரித்தார். என்ன நோய் என்றே பிடிபடவில்லை, ஞாயிறு தாண்டுவது கஷ்டம் என்றார்.

சனிக்கிழமை என் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். போய்விடுவது என்று முடிவு. ஊரெல்லாம் மெர்டேக்காவுக்குக் கொடியும் காகிதத் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கொட்டகையில் முழங்காலில் நின்றேன். வெள்ளி காலையிலிருந்து சாப்பிடவில்லை. அஞ்சலை அக்கா அம்மன் கோயிலில் ஈரச் சேலையோடு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் அங்கே, நான் இங்கே. இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் அழுதோம்.

அதுவரை நான் சத்தம் நிற்க வேண்டும், பேச்சு நிற்க வேண்டும், என் பெயர் கெடக் கூடாது என்றே கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் வேறு விதமாகக் கேட்டேன். "ஆண்டவரே, கெட்டது என்னிடத்தில்தான் இருக்கிறதென்றால் எனக்குக் காட்டும். எவ்வளவு அவமானமானாலும் பார்க்கிறேன். பிள்ளையை மட்டும் கொடும்."

டிக், டிக், டிக்.

 ஆனால் இந்தத் தடவை நான் காதைப் பொத்தவில்லை. காட்டும் என்று கேட்டவன் எப்படிக் காதைப் பொத்துவேன்? எழுந்தேன்.  பலகை அருகே போனேன்.

புதன்கிழமை பிள்ளைகள் விட்டுப்போன குவளைகள் அப்படியே இருந்தன. எனக்குத் தொட மனம் வரவில்லை, கழுவவே இல்லை. ஒவ்வொரு குவளையிலும் அடியில் ஒட்டியிருந்த சீனிக்கு எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. கறுகறுவென்று ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ராஜா குவளையில் மட்டும் அசைவே இல்லை. குனிந்து பார்த்தேன். அதைச் சுற்றிலும் எறும்புகள் வளையம் போட்டாற்போல் செத்துக் கிடந்தன. உள்ளே ஒரு பல்லி.

அந்தப் பல்லிதான் வாலால் தட்டியிருக்கும் என்று உடனே நினைத்தேன். குவளையைக் கவிழ்த்தேன். பல்லி சருகு மாதிரி விழுந்தது. காய்ந்து, எடையே இல்லாமல். அது செத்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும்.

அப்படியானால் தட்டியது யார்? எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சாட்சி சொல்கிறேன், கூட்டிச் சொல்ல மாட்டேன்.

குவளையை எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடினேன். வீராசாமி அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருந்தார். நான் குவளையை அவர் முன்னால் நீட்டினேன். "அண்ணே, இந்த டின்னு உங்க வீட்டுல எதுக்கு இருந்தது?"

அவர் கையில் வாங்கினார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார், அடியைத் திருப்பிப் பார்த்தார். முகம் சாம்பலாயிற்று.

"லாலாங் மருந்து அள்ளுற டின்னு சார்."

தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்லத் தெளிக்கிற விஷம் அது. பீப்பாயிலிருந்து மொண்டு எடுக்க அவர் வருடக்கணக்காக வைத்திருந்த டின். புதுசு கிடைத்ததென்று வீட்டுக்குப் பின்னால் வீசியிருந்தார். மகள் தேய்த்தாள். ஆனால் மடிப்புக்குள் இறங்கிய விஷம் சாம்பலுக்குப் போகுமா? எலுமிச்சைப் புளிப்பு அதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் டின் என்றால் பால், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய். மூக்கால் மோந்தால் தெரிந்துவிடும். வாசனை இல்லாத விஷம் ஒன்று டின்னில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதையும் வீசாதீர்கள் என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. இது எதற்கு இருந்தது என்று ஒரு பிள்ளையிடமும் நான் கேட்கவில்லை.

"நான்தான் அண்ணே செஞ்சேன்" என்றேன்.

"டின்னு என்னோடது சார்" என்றார் அவர்.

 இருவரும் குவளையை டாக்டரிடம் கொண்டுபோனோம். பூண்டு வாசனை என்று நான் சொன்னதும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே நடந்தார். பாஷாணம் உடம்பில் ஏறினால் மூச்சில் அந்த வாசனை வருமாம், அதற்கு முறிவு ஊசி இருந்தது. அன்று மாலையே போட்டார்கள். ஞாயிறு தாண்டியது. திங்கள் அவள் கஞ்சி குடித்தாள். மெர்டேக்கா அன்று ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்து கொடி பார்த்தாள். ஸ்தோத்திரம்! முனியனுக்கும் ராக்கம்மாவுக்கும்கூடப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள்.

குழாயடியில் போய் நின்று எல்லோருக்கும் சொன்னேன். என் கண்ணில் ஒன்றும் இல்லை, என் குவளையில் இருந்தது என்று சொன்னேன். என்னை ஏசினவர்கள் உண்டு. ஏசட்டும், நியாயம்தானே. ஆனால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குடிக்கிற பாத்திரம் எதுவும் இப்போது நாங்கள் செய்வதில்லை. ஒரு பொருளை எடுத்தால், இது எங்கே இருந்தது, எதைச் சுமந்தது என்று கேட்காமல் கத்திரியைத் தொடுவதில்லை.

என் பயம் மட்டும் போகவில்லை. காரணம் தெரிந்தும், மூன்று மாதம் ஒரு பிள்ளையையும் நான் பாராட்டவில்லை. பார்வதி மெலிந்த கையோடு வகுப்புக்கு வந்தாள். டின் வேண்டாமென்று கைலித் துணியில் கிளி ஒன்று தைத்தாள். என் முன்னால் நீட்டி, "நல்லா இருக்கா சார்?" என்றாள். நான் தையலைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"சொல்லுங்க சார். ஒண்ணும் ஆவாது."

"நல்லா இருக்கும்மா" என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு."

அடுத்த நாள் மத்தியானத்திலிருந்தே வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பலகையில் ஒரு சத்தமும் இல்லை. குவளையைக் கவிழ்த்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து இன்றுவரை அந்தச் சத்தம் வரவே இல்லை. வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. தெருமுனையில் ஒரு மாவுச் சாக்குப் பை தெரிந்தது, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற பார்வதி தெரிந்தாள். நான் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன்.

டிரங்குப் பெட்டியை அவிழ்த்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கென்று வந்தவன், இங்கேயே இருக்கிறேன். சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சத்தம் இருக்கலாம். அதை நிறுத்தும் என்று மட்டும் கேட்காதீர்கள். காட்டும் என்று கேளுங்கள். நான் பயந்து ஓடிய அந்தத் தட்டல்தான் எனக்கு வந்த பதில். அவர் உங்களையும் தட்டிக் கூப்பிடுவார். எழுந்து போய்ப் பாருங்கள்.