நல்ல குடும்பத்து வண்டி

கேபிள் டிவி வந்த புதிதில் எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கார் நிகழ்ச்சி வரும். பெரியநாயக்கன்பாளையத்தில் மொட்டை மாடியில் டிஷ் வைத்திருந்த கேபிள்காரர் சொந்தமாக நடத்தியது. விற்க வந்த பழைய வண்டிகளை மைதானத்தில் நிறுத்திப் படம் எடுப்பார். தொப்பியும் கூலிங் கிளாசும் போட்ட ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பேசுவார். பிறகு அவரே ஏறி ஓட்டுவார்.

ஓட்டியது அவர் இல்லை. நான்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரிப்பார். கேபிள்காரர் கேமராவை நிறுத்துவார். அவர் இறங்குவார், நான் ஏறுவேன். அதே மாதிரித் தொப்பி, அதே மாதிரிக் கண்ணாடி. தூரத்தில் இருந்து எடுப்பார்கள். முதல் வாரம் ஒரு கோளாறு. எனக்கு மீசை உண்டு, அவருக்கு இல்லை. வண்டி ஓடினால் மீசை வந்தது, நின்றால் போய்விட்டது. என்னை மழிக்கச் சொன்னார்கள். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வளர்த்தார்.

நான் சொந்த டாக்ஸி வைத்திருந்தேன். ஸ்டாண்டில் சும்மா நிற்கிற நேரத்துக்கு இந்த வேலை. பேசுகிற வேலையைக் கேபிள்காரர் முதலில் எனக்குத்தான் கொடுத்தார். கேமரா முன்னால் நிறுத்தினார்.

"நல்ல வண்டிங்க" என்றேன்.

"அப்புறமுங்க?"

"அப்புறம் ஒன்னும் இல்லீங்க."

அவர் கேமராவை அணைத்தார். "ஏனுங்க, எனக்கு அரை மணி நேரம் நிகழ்ச்சி ஓட்டோணுமுங்க. நீங்க பேசுனதுல வண்டியச் சுத்திக்கூட வர முடியாது" என்றார். மறுவாரம் இந்தத் தொப்பிக்காரரைக் கூட்டி வந்தார்.

இவர் யார் என்பதில் ஊருக்குள் பெரிய பேச்சு. பேக்கரியில் டீ குடிக்கும்போது காதில் விழும்.

"மெட்ராஸ்ல ரேஸ் ஓட்டுனவருங்க அவரு."

"யாருங்க சொன்னது? துபாய்ல ஷேக்கு ஊட்டு வண்டி ஓட்டுனவரு."

"எதுவோ, அந்த வளைவுல ஒத்தக் கையில ஸ்டீயரிங்க ஒடிச்சாரு பாத்தீங்களா? அனுபவமுங்க அது."

அந்தக் கை என் கை. நான் தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் கல்யாண புரோக்கர். குடையும் ரெக்ஸின் பையுமாகக் காங்கேயம் பஸ்ஸிலும் மேட்டுப்பாளையம் பஸ்ஸிலும் சுற்றியவர். பை நிறைய ஜாதகம். என் கல்யாணத்தை முடித்ததும் அவர்தான். தொப்பி போட்ட பிறகு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் தெரியும். நாங்கள் சொல்லவில்லை.

காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததை வைத்துப் பேசினார்.

"நிறம் கொஞ்சம் மட்டுங்க. ஆனா களையான முகமுங்க."

"வயசு பத்துன்னு சொல்றாங்க. பாத்தா அப்படித் தெரியலீங்க."

"அதிகம் சாப்பிடாதுங்க. சத்தம் போட்டுப் பேசாதுங்க. ஒரே எடத்துல இருந்த வண்டி, வெளிய தெருவப் பாத்ததில்லீங்க."

சனங்களுக்கு இது பிடித்துப்போனது. பெண்களும் பார்த்தார்கள். எங்கள் தெருவில் வண்டி வாங்கும் யோசனையே இல்லாதவர்கள்கூட அந்த நேரத்துக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரம் போத்தனூரில் இருந்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார். நம்மவர் வேனைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கேமரா பக்கம் திரும்பினார்.

"குடும்பம் நல்ல குடும்பமுங்க. இவங்க அப்பாரு காலத்துல இருந்து கடை வெச்சிருக்கறாங்க. ஒரு வம்புதும்பு கிடையாதுங்க."

அவ்வளவுதான். வேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரோ ஒருவர் அதை வாங்கினார். வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது போத்தனூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டது. கேட் மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். வேன் எழுந்திருக்கவில்லை.

நான் நம்மவரிடம் கேட்டேன். "வண்டியப் பத்தி ஒன்னுமே சொல்லாம உட்டுட்டீங்களே?"

"சொன்னனுங்களே தம்பி."

"எங்கீங்க சொன்னீங்க?"

"மாப்பிள்ள குடிகாரன்னா பொண்ணு ஊட்டுல போயி குடிகாரன்னு சொல்ல முடியுமுங்களா? பையன் ஊட்டுல அடிக்க வந்துருவாங்க. நல்ல பையன்னு பொய்யும் சொல்லக்கூடாது. நாளைக்கு அந்தப் புள்ள அழுதா நமக்குச் சோறு எறங்குமா? அதனால குடும்பம் நல்ல குடும்பமுங்கன்னு சொல்லிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துருவனுங்க. புரியறவங்களுக்குப் புரியும்."

"வண்டி கெட்டுப்போனது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"வண்டி எனக்குத் தெரியாதுங்க. பெத்தவங்க மொகம் தெரியும். பையன் எப்படீங்கன்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னால கண்ணு ஒருக்கா செவுத்துப் பக்கம் போகும். போனா முடிஞ்சுதுங்க."

கொஞ்ச நாளில் ஊருக்குப் புரிந்துவிட்டது. பேக்கரியில் டிவியைச் சுற்றி நிற்பார்கள். நிறம், வயது எதையும் கேட்க மாட்டார்கள். குடும்பத்தைத் தொடுகிறாரா என்று மட்டும் பார்ப்பார்கள். தொட்டால் ஒரே கூச்சல். வண்டிக்காரர்களுக்குக் கிலி பிடித்துவிட்டது. படம் எடுப்பதற்கு முன்னால் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ஏனுங்க, எங்க குடும்பத்தப் பத்தி மட்டும் பெருமையாப் பேசிப்போடாதீங்க."

கல்யாணம் ஆகாத ஒருவர் தைரியமாக வந்தார். "எனக்குக் குடும்பமே கிடையாதுங்க" என்றார். நம்மவர் அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"உங்க குலதெய்வம் எதுங்க?" என்றார்.

அந்த வண்டியும் விலை போகவில்லை.

இப்படி இருக்கும்போது என் டாக்ஸியை விற்க வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரி மாவு ஆட்டி விற்க ஆசைப்பட்டாள். ஒரு ஓட்டல் மூடியபோது பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கியும்விட்டாள். அதை வைக்க எங்கள் வீட்டில் இடம் இல்லை. காங்கேயத்தில் அவள் அண்ணன் வீட்டு வாசலில் கிடந்தது. அண்ணன் சம்சாரம், இவளுக்கு நங்கையா, போகும்போதும் வரும்போதும் காலை இடித்துக்கொண்டது. ஆடி முடிவதற்குள் எடுக்காவிட்டால் பேக்கரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியது.

எங்களிடம் இருந்தது ஒரு ஷெட். அதில் டாக்ஸி நின்றது. சந்தில் நிறுத்தினால் பால் வண்டி போகாது.

"காருக்கு ஊடு இருக்குது, என்ற கிரைண்டருக்கு ஊடு இல்லீங்களா?" என்றாள்.

கேபிள்காரர் புது வேன் வாங்கியிருந்தார். அதை ஓட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார். அதனால் டாக்ஸி போனால் போகட்டும் என்று இருந்தேன். போக வேண்டுமே. இரண்டாவது கியர் நிற்காது. கையில் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பின்கதவில் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். நம்மவரிடம் போனேன்.

"என்ற குடும்பத்தப் பத்திப் பேசீராதீங்க."

"பேசலீங்க தம்பி."

"சத்தியமா?"

"சத்தியமுங்க. ஆனா வண்டியப் பத்தியும் பேச மாட்டனுங்க. உங்க மொகத்தத்தான் இப்பப் பாத்துட்டனே."

"அப்ப என்னதானுங்க பேசுவீங்க?"

"அம்மணியக் கேக்கறனுங்க. அவங்க பேசட்டும்."

அதுவும் சரிதான். எப்படியும் நான் ஓட்ட வேண்டும். வண்டிக்காரனாக நின்றுவிட்டு அதே மீசையோடு ஓட்டவும் முடியாது. வீட்டுக்காரியே நிற்பது என்று முடிவானது.

அவள் பட்டுச்சேலை கட்டினாள். தெரு முழுக்கச் சொன்னாள். காங்கேயம் பஸ் கண்டக்டரிடம் நங்கையாவுக்கும் சொல்லி அனுப்பினாள். அங்கே எங்கள் சேனல் தெரியாது. தான் டிவியில் வருவதாவது தெரியட்டும் என்றாள்.

மைதானத்தில் நான் தொப்பியோடு பின்சீட்டில் குனிந்து படுத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது, தலையை லேசாகத் தூக்கினால் தெரியவும் செய்தது.

"அம்மணி, வண்டி எத்தன வருசமா இருக்குதுங்க?"

"என்னையக் கட்டிட்டு வரும்போதே இருந்துச்சுங்க."

"நல்லாப் பாத்துக்கறாருங்களா?"

"என்னைய விட நல்லாப் பாத்துக்கறாருங்க."

நன்றாகத்தான் போனது. நம்மவர் அதோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. பெண் வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"வண்டி எப்படீங்க அம்மணி?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். அவளுக்குப் பொய் வராது. கண் கயிறு கட்டிய கதவுப் பக்கம் போயிற்று. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்க குடும்பம் நல்ல குடும்பமுங்க" என்றாள்.

கேபிள்காரர் கேமராவோடு குலுங்கிச் சிரித்தார், பிறகு அதை அணைத்தார். நம்மவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

"அம்மணி, அழிச்சுப்போட்டு இன்னொருக்கா எடுத்தரலாங்க" என்றார்.

அதற்குள் அவளுக்கும் உறைத்துவிட்டது. முகம் சிவந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"எதுக்கு அழிக்கோணும்? பொய்யா சொன்னேன்? எங்களது நல்ல குடும்பந்தான். நீங்களே எங்க ஊட்டுக்கு வந்து இவரப் பத்தி இதத்தானுங்களே சொன்னீங்க?"

நான் பின்சீட்டில் எழுந்து உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"குடும்பம் நல்ல குடும்பமுங்கன்னு சொன்னாரு. தண்ணி வாங்கிக் குடிச்சாரு."

நம்மவர் மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டது. நான் உள்ளே போனதும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க. நல்ல குடும்பத்துப் புள்ள நிக்கலாமுங்களா?" என்றார். பன்னை வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

ஒருவரும் வண்டி கேட்டு வரவில்லை. ஆடி போய்க்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் வந்து கிரைண்டரைப் பார்த்துவிட்டுப் போனதாக நங்கையா சொல்லி அனுப்பியது. வீட்டுக்காரி ஷெட் வாசலில் நின்று டாக்ஸியைப் பார்ப்பாள். அதற்குத் திட்டினால்கூடத் தேவலை.

ஆடிக் கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். சட்டையிலேயே தேங்காய் எண்ணெய் வாசம். எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்தபோது நிகழ்ச்சியைப் பார்த்தாராம், நல்ல குடும்பம் என்றால் என்ன அர்த்தம் என்று மகள் சொன்னாளாம்.

"டிவில பேசுன அம்மணி ஊடு இதுதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன். "ரெண்டாவது கியர் நிக்காதுங்க."

"கதவு கயித்துல நிக்குதுங்க" என்றாள் அவள்.

"மழைக்கு ஒழுகுங்க" என்றேன்.

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போதுமுங்க. அதான் டிவிலயே சொல்லிப்போட்டீங்களே. தொப்பிக்காரரு சொல்லியிருந்தா நானும் வந்திருக்க மாட்டன். ஊட்டுக்காரங்களே சொன்னாங்க பாருங்க, அதுக்குத்தான் வந்தன். ஒரு கொறையும் இல்லாத வண்டி நெறைய வாங்கி நொந்துபோயிட்டனுங்க. இனி கொறை தெரிஞ்ச வண்டியா ஒன்னு வேணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாய் குழறி வந்த வார்த்தை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியவர் ஓட்டிப் பார்த்தார். முதல் கியரில் கிளம்பினார், இரண்டாவதைத் தொடவே இல்லை, நேராக மூன்றாவதுக்குத் தாவினார். "பழகிக்கலாமுங்க" என்றார். அன்றைக்கே மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டார். கயிறு மட்டும் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டு போனது.

ஷெட்டைக் கழுவிவிட்டோம். ஆயில் கறை போகவில்லை. கிரைண்டர் அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது. நங்கையா கூடவே வந்து இறக்கிக் கொடுத்துவிட்டு, காலைக் காட்டிவிட்டுப் போனது.

முதல் மாவில் இட்லி ஊற்றினாள். கேபிள்காரருக்கும் நம்மவருக்கும் இலை போட்டோம். கேபிள்காரர் இலையைப் பார்த்தபடி தின்றார். சட்னி மட்டும் திரும்பக் கேட்டார். நம்மவர் ஒரு இட்லியை எடுத்தார். பிட்டார். பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் கரண்டியோடு நின்றாள். "எப்படீங்க இருக்குது?"

அவர் மென்றார். விழுங்கினார். புது மீசையைத் துடைத்தார்.

"காங்கேயத்துல உங்க அண்ணன் ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா அம்மணி?" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

தண்ணீரைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள். அன்று முழுக்க அவரைத் திட்டினாள்.

சாயங்காலம் அடுத்த மாவுக்கு ஊறப் போடும்போது பார்த்தேன். உளுந்து ஒரு கை கூடுதலாகப் போட்டாள்.